இரண்டு கதவும் நான்கு சக்கரமும்

சனிக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. முந்தின நாள் இரவுப் பணி முடிந்து சரியாகத் தூங்காமல் உட்கார்ந்ததால் சில இடங்களில் தடுமாறினேன். நேரம் போதாமல் விட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். டொராண்டோவில் காலைக் காப்பியோடும், சிங்கப்பூரில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் கார் பற்றிப் பேசலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஆனால் வளைகுடாவுக்கு வந்த நம் ஆட்களின் வரலாற்றில் விசா, கேம்ப், கார் மூன்றையும் விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? நான் இருப்பது பர் துபாயில், மீனா பஜாருக்கு நடந்துபோகும் தூரத்தில். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அந்த இடத்தைப் பற்றி வீட்டில் வந்த ஒரு சண்டையிலிருந்துதான் இந்தப் பேச்சே தொடங்கியது. என் மகனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது. அவன் அப்பா வைத்திருக்கும் பழைய லேண்ட் குரூசரை அவன் தொட மாட்டான். ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் 1982-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 280 சிஇ கூபே விற்பனைக்கு இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றான்.

கூபே என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஊரில் ரயிலில் முதல் வகுப்பில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டே பேர் படுக்கக்கூடிய சிறு அறை. புதுமணத் தம்பதிக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் நான்கு பேர் எதிரெதிரே உட்காரும் பெட்டியில் முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் முன்னே பார்த்து உட்காரும்படி செய்தார்கள். வண்டியோட்டி வெளியே, மழையிலும் பனியிலும். கார் வந்தபோது அந்தப் பெயர் இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. வண்டியோட்டிக்கு மட்டும் அதில் இடமில்லாமல் போயிற்று. உரிமையாளர் தானே ஓட்டுவதற்காக வாங்கும் வண்டி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பொன்னிறக் கூபே ஒன்றில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டி, என் அப்பா நிற்கிறார். 1983-இல் எடுத்தது. அப்பா 1979-இல் துபாய்க்கு வந்தவர், ஹவுஸ் டிரைவர். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் மூன்று பேர் டிரைவிங் படித்தார்கள் என்று அம்மா சொல்வாள். அது அப்பாவின் வண்டி என்று நம்பியவர்களும் உண்டு. நாங்கள் மறுக்கவில்லை. என் மகன் கேட்டது அதே வண்டியை. நிறமும் அதேதான். அவனுக்கு மறுப்புச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

இனி வரலாறு. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். விவசாயிக்கென்று செய்த வண்டி. அதே காலத்தில்தான் வில்ஃபிரட் தெசிகர் ஒட்டகங்களோடு ருப் அல் காலிப் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தார். அவருக்கு மோட்டார் வண்டி என்றாலே ஆகாது. ஆனால் அவர் போன சில வருஷங்களிலேயே, 1951-இல் ஷார்ஜாவில் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த ட்ரூஷியல் ஓமன் லெவி படை லேண்ட் ரோவர்களில் மணலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதே 1951-இல் ஜப்பானில் டொயோட்டா தன் ஜீப் மாதிரி வண்டியைச் செய்து, ஃபூஜி மலையின் ஆறாவது நிலை வரை ஓட்டிக் காட்டியது. 1954-இல் அதற்கு லேண்ட் குரூசர் என்று பெயர் வைத்தார்கள். மறுவருஷமே துபாயின் அல் ஃபுத்தைம் குடும்பத்தார் டொயோட்டாவின் விநியோகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைய துபாயில் தார்ச்சாலை என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. அபுதாபிக்குப் போவதென்றால் கடலோரமாக, சப்கா எனப்படும் உப்புத் தரையில் போக வேண்டும். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் மேல்தோடு உடைந்து வண்டி அச்சு வரை இறங்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அங்கே ஆடம்பரமில்லை, உயிர்த்தேவை. செவிலியாக எனக்கு இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. அல் ஐனில் 1960-இல் பேட் கென்னடி, மரியன் கென்னடி என்ற அமெரிக்க மருத்துவத் தம்பதி ஓயாசிஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 1962-இல் அங்கே வந்து சேர்ந்தவர் கெர்ட்ரூட் டிக் என்ற கனடா நாட்டுச் செவிலி. ஊர் மக்கள் அவருக்கு லத்தீஃபா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே இருந்தார். அவர் எழுதிய நினைவுக்குறிப்புகளை எனக்கு முன்னால் வேலை பார்த்த ஒரு மலையாளி அக்கா கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்குத் துபாயிலிருந்து அல் ஐனுக்கு ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு அந்த மணலைக் கடந்து ஒரு பிரசவ வலிக்காரி வந்து சேர வேண்டும் என்றால், அவள் உயிர் ஒட்டகத்திடமோ ஒரு ஃபோர் வீலிடமோதான் இருந்தது.

1963-இல் மக்தூம் பாலம் திறந்தது. அதுவரை பர் துபாய்க்கும் தேராவுக்கும் நடுவில் கிரீக்கின் மேல் பாலமே இல்லை. மக்களுக்கு அப்ரா படகுதான். 1966-இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1969-இல் ஏற்றுமதி. எழுபதுகளின் தொடக்கத்தில் அபுதாபிக்கு நல்ல சாலை, 1975-இல் கிரீக்கின் அடியில் ஷிந்தகா சுரங்கப்பாதை. சாலை வந்த பிறகுதான் கூபேக்கு இந்த ஊரில் வேலை. தாழ்ந்த வண்டி தார்ச்சாலையின் குழந்தை. என் மகன் ஆசைப்பட்ட வகைக் கூபே 1977 மார்ச்சில் ஜெனீவாவில் வெளிவந்தது. அதே வரிசையின் நான்கு கதவு வண்டியைவிட சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 85 மில்லிமீட்டர் குறைவு. வெட்டியது என்ற பெயருக்குப் பொருத்தம். 1985 வரை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள். அதன் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கவாட்டில் நடுத்தூண் கிடையாது. முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் இறக்கிவிட்டால் வீட்டுத் திண்ணை மாதிரித் திறந்து கிடக்கும். போட்டோவில் அப்பா முழங்கையை ஊன்றியிருப்பது அந்தத் திறப்பில்தான்.

நம் பக்கத்திலும் இரண்டு கதவு வண்டி வந்திருக்கிறது. மெட்ராசில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இல் ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கியது. அது கூபே இல்லை, ஆனால் இரண்டு கதவுதான். நம் வீட்டில் பாட்டி, மருமகள், மூன்று பிள்ளைகள், பலகாரத் தூக்கு எல்லாம் முன் சீட்டை மடக்கித் தாண்டிப் பின்னால் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அறுபதுகளின் கடைசியில் அவர்கள் நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில்கூட அப்படி ஒன்று இல்லை, இந்தியாவுக்கென்று மட்டும் செய்தது. புடவை கட்டிய பெண்கள்தான் அந்தக் கதவுகளைத் திறந்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். கம்பெனி அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

மகன் விஷயத்தில் அப்பாவின் ஆதரவு எனக்கா அவனுக்கா என்று தெரிந்துகொள்ள ஊருக்குப் பேசினேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். வீடியோவில் உரக்கப் பேச வேண்டும். "நீங்க ஓட்டுன அதே வண்டிதான்பா, பிள்ளைக்கு ஆசையா இருக்கு" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மக்களே, அந்த வண்டிய நான் ஒரு நாளும் ஓட்டுனதில்ல. கழுவியிருக்கேன், அவ்வளவுதான்" என்றார்.

அர்பாப் அதை யாரிடமும் கொடுக்க மாட்டாராம். வியாழக்கிழமை ராத்திரி தானே எடுத்துக்கொண்டு போவார், விடிகாலையில் வருவார். அப்பா அதன் சாவியைத் தொட்டது கழுவுவதற்காக நிழலுக்கு நகர்த்தும்போது மட்டும். அப்பா ஓட்டியது இரண்டு வண்டிகள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட ஒரு லேண்ட் குரூசர் ஸ்டேஷன் வேகன். அல் அவீர் பக்கம் இருந்த ஒட்டகப் பட்டிக்குத் தண்ணீரும் புல்லும் ஏற்றிப்போக ஒரு லேண்ட் குரூசர் பிக்கப். ஏசி இல்லாத பிக்கப். அதன் பக்கத்தில் நின்று அவர் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குபவர் தானே ஓட்டுவதற்கான வண்டி என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்த வரியை நான் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். வீட்டுச் சுவரில் நாற்பது வருஷமாக மாட்டியிருந்ததில் அது எனக்குத் தெரியவில்லை.

அன்றைய வளைகுடாவில் கூபே முதலாளியுடையது, ஃபோர் வீல் வேலைக்காரனுடையது. இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. 1980-இல் வந்த அறுபதாம் வரிசை லேண்ட் குரூசர், 1990-இன் எண்பதாம் வரிசை, பிறகு நூறு, இருநூறு, 2021-இல் முந்நூறு. ஒவ்வொன்றிலும் தோலும் குளிர்ச்சியும் ஏறிக்கொண்டே போயின. நிசான் தன் புதிய பேட்ரோலை 2010-இல் உலகத்துக்கு முதலில் காட்டியது ஜப்பானில் இல்லை, அபுதாபியில். ஒரு சின்ன அதிசயம்: எண்பதாம் வரிசையிலிருந்து முந்நூறாம் வரிசை வரை லேண்ட் குரூசரின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 2,850 மில்லிமீட்டராகவே நிற்கிறது. மணல்மேட்டின் முகட்டில் வயிறு தட்டாமல் இருக்க அந்த அளவே சரி என்று வைத்துக்கொண்டார்கள். உயரம்தான் கூபேயோடு ஒப்பிட முடியாதது. கூபே 1,395 மில்லிமீட்டர். என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. முந்நூறாம் வரிசை அதைவிட அரை மீட்டருக்கு மேல் உயரம்.

அந்த அரை மீட்டரைப் பற்றித்தான் மருத்துவமனைக்காரியாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. வண்டியின் அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அந்த எண் குறையக் குறைய வண்டி உருளும் வாய்ப்பு அதிகம். உயரமான வண்டிக்கு அந்த எண் குறைவு. இதை உலகம் கற்றுக்கொண்டதில் வளைகுடாவுக்கும் பங்குண்டு. 1999 ஆகஸ்டில் ஃபோர்டு நிறுவனம் தன் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்களைச் சவூதி அரேபியாவில் மாற்றித்தர ஆரம்பித்தது. இங்கே டயர்களின் மேல்பட்டை கழன்று வண்டிகள் உருண்டன. மணலில் ஓட்டுவதற்காகக் காற்றை இறக்கியவர்கள் அப்படியே நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறார்கள், வெயிலும் அதிகம், அதனால்தான் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோதுதான் மணல் மட்டுமே காரணமில்லை என்று வெளிவந்தது. அங்கே இருநூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். காற்றழுத்தம் குறைவு என்று டயர்க் கம்பெனி சொல்ல, டயரே கோளாறு என்று கார்க் கம்பெனி சொல்ல, 2001-இல் அமெரிக்க அரசின் விசாரணை டயரில் குறை இருப்பதாக முடிவு சொன்னது. உங்கள் வண்டியில் டயர் காற்று குறைந்தால் எரியும் அந்த மஞ்சள் விளக்கு, அதையொட்டி அமெரிக்கா போட்ட சட்டத்தால் பரவியது.

ஆனாலும் காற்றை இறக்கிவிட்டு மறப்பவர்கள் இன்றும் உண்டு. ஹத்தா சாலையில் பதாயர் மணல்மேட்டுக்குப் போகிறவர்கள் 35-இல் இருக்கும் காற்றை 15 வரை இறக்குவார்கள். டயர் பரந்து மணலைப் பிடிக்கும். திரும்பி வரும்போது ஏற்ற வேண்டும். பெட்ரோல் பங்கில் வரிசை நீளம், துபாய் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில் ஒரு ராத்திரி அப்படி உருண்ட வண்டியிலிருந்து மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் நடந்து வந்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த பையன், நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, இருபத்து நாலு வயது. முதல் முறை பாலைவனம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவன் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் மணல் என் கையில் கொட்டியது. அவன் அம்மாவிடம் போனில் பேச வேண்டிய வேலை, தமிழ் தெரியும் என்பதால், எனக்கு வந்தது. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்ற சட்டம் இங்கே வந்தது 2017 ஜூலையில். அது அதற்கு முந்தின சம்பவம்.

இதைக் கேட்டுக் கூபேதான் நல்லது என்று என் மகன் குதிக்க வேண்டாம். பழைய வண்டி கட்டை மாதிரி உறுதி என்று பேசுகிறவர்கள் 2009-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு நிலையம் செய்த சோதனைப் படத்தைப் பார்க்க வேண்டும். 1959-ஆம் வருஷத்து செவர்லே ஒன்றையும் 2009-ஆம் வருஷத்து செவர்லே ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புதிய வண்டியின் பொம்மை ஓட்டுநருக்குக் காலில் காயம். பழையதில் இருந்தவர் பிழைத்திருக்க மாட்டார்.

இரண்டுக்கும் உள்ள ஒரு உறவு எனக்குப் பிடித்தமானது. இன்றைய உயரமான வண்டிகள் வளைவில் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி என்ற ஏற்பாடு இருக்கிறதே, அது முதலில் வந்தது 1995-இல், ஒரு கூபேயில். மெர்சிடிஸ் எஸ் 600 கூபே. பணக்காரரின் இரண்டு கதவு வண்டியில் பிறந்தது இப்போது ஆறு பேர் ஏறும் குடும்ப வண்டியைக் கவிழாமல் பிடித்து வைத்திருக்கிறது.

உயரத்தை நான் குறையாக மட்டும் சொல்லக்கூடாது. 2024 ஏப்ரல் 16 மழையை இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டோம். 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அப்படியொரு மழை இல்லை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் கார்கள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. எனக்குப் பணி மாற்றும் நேரம். உள்ளே இருந்தவர்கள் பதினாறு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். என் கணவர் லேண்ட் குரூசரை எடுத்தார். வழியில் இரண்டு செவிலிகளையும் ஒரு லேப் டெக்னீஷியனையும் ஏற்றிக்கொண்டோம். தண்ணீர் கதவடி வரை வந்தது, உள்ளே வரவில்லை. அன்றைக்கு அந்த அரை மீட்டருக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கடைசியில் கூபேயைப் பார்க்க ஷார்ஜா போனோம், மூன்று பேரும். போகிற வழியில் தைத் சாலையில் இருக்கும் பழைய கார் மியூசியத்தையும் காட்டினேன். 2008-இல் திறந்தது, உள்ளே குளிர்ச்சியில் வண்டிகள் பட்டுத்துணி மாதிரி மின்னும். பட்டறையில் நின்ற வண்டி அப்படி இல்லை. டாஷ்போர்டு வெயிலில் விரிசல் விட்டிருந்தது, கதவு ரப்பர் பொடிந்து கையோடு வந்தது. ஆனாலும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கியபோது, சொல்லத்தான் வேண்டும், நானே ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன்.

பிறகு மகனைப் பின் சீட்டில் ஏறச் சொன்னேன். ஏறினான், தலை கூரையில் இடித்தது. கண்ணை மூடிக்கொள், கழுத்தை அசைக்காதே, உனக்கு முதுகெலும்பில் அடி என்று வைத்துக்கொள் என்றேன். அவன் அப்பாவையும் பட்டறைக்காரப் பையன் ஒருவனையும் கூப்பிட்டு, பலகை வைத்து வெளியே எடுங்கள் பார்ப்போம் என்றேன். முன் சீட்டை மடக்கினார்கள், முழுதாக மடங்கவில்லை. பின்பக்கம் கதவு இல்லை. பலகையை எந்தக் கோணத்தில் நுழைத்தாலும் கதவு நிலையில் இடித்தது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். "கூரைய அறுத்துத்தான் எடுக்கணும் மேடம்" என்றான் அந்தப் பையன், உருதுவும் இந்தியும் கலந்து. மகன் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, பின்னாடி யாரையும் ஏத்த மாட்டேன்" என்றான்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோவில் வண்டியைக் காட்டினோம். ஒவ்வொரு பக்கமாகக் காட்டச் சொன்னார். பின் பம்பர், டிக்கி, சக்கரக் கிண்ணம். கழுவியவருக்கு எல்லா மூலையும் தெரிந்திருந்தது; முன் கிரில்லின் இடுக்கில் பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்றார். நாங்கள் வாங்கவில்லை. இப்போதைக்கு வாங்கவில்லை என்று மகன் திருத்துகிறான். அப்பா கேட்டது வேறொன்று: அவர் ஓட்டிய மாதிரி பிக்கப் இப்போதும் விற்கிறார்களா, விற்றால் அதன் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றார்.